சாய்ந்தால் அமுக்காதே

"தள்ளுங்க! இன்னும் ஒரு தள்ளு, போயிடும்!" என்று தம்பி கத்தினான். வாசல் நிலையில் சவப்பெட்டி கோணலாகச் சிக்கியிருந்தது. உள்ளே அக்காவின் கணவர்.

தம்பிக்கு எதையும் சும்மா செய்யத் தெரியாது. எஞ்சின் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து தும்மினால்கூட நிர்வாகத்தின் சார்பில்தான் தும்முவான். சற்று முன்புதான் பெட்டியின் தலைமாட்டில் நின்று முழங்கி முடித்திருந்தான். "மாமா கையால ஒரு பேரிங்கூட சேதமானதில்ல. சேதமில்லா உற்பத்திதான் நம்ம உயிர்மூச்சு!" மூச்சு நின்றவர் முன்னால் பேசுகிறோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

மாமாவுக்கு அதே தொழிற்சாலையில், பிரஸ் என்கிற அமுக்கும் மிஷினில் எஞ்சினுக்குப் பேரிங் ஏற்றும் வேலை. பேரிங் மயிரிழை சாய்ந்து இறங்கினால் போதும், சிவப்பு விளக்கு எரிந்து பிரஸ் தானே நின்றுவிடும். மேற்கொண்டு அமுக்கினால் எஞ்சின் பிளாக் கீறிப்போகும். வெளியே எடுத்து, நேராக வைத்து, மறுபடி இறக்க வேண்டும். வீட்டிலும் அதே பாட்டுதான். அலமாரி இழுப்பறை சிக்கினால், "அமுக்காத தாயே, சாஞ்சிருக்கு" என்பார்.

நேற்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்றாராம். தம்பி சொன்ன பதிலைப் பக்கத்து மிஷின்காரர் இன்று காலை அவள் காதில் போட்டுவிட்டார்: "வாயுவா இருக்கும் மாமா. இந்த லாட்டுல மிச்சமிருக்கற பேரிங்க முடிச்சிட்டுப் போங்க." லாட் முடிந்தது. அவரும் முடிந்தார். மாமாவுக்கு ஒரு சிவப்பு விளக்கு பொருத்த நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை.

"தோளைக் குடுத்து அமுக்குங்கப்பா!" என்று தம்பி மறுபடி கத்தினான்.

"டேய், கைய எடு."

"அக்கா, நீ உள்ள போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்ட லட்சணந்தான் பெட்டியில கெடக்கு."

பெட்டியைப் பிடித்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பேரிங் சாஞ்சா என்னடா பண்ணுவீங்க?"

அவன் பெட்டியிலிருந்து கையை எடுத்தான்.

"இவ்வளவு நேரம் பிரசங்கம் பண்ணினியே, சொல்லு!"

"நிறுத்தி... வெளிய எடுத்து... நேரா வெச்சு..."

"இரும்புக்கு அவ்வளவு மரியாதை! செய்."

பெட்டியைப் பின்னுக்கு இழுத்து நேராக்கினார்கள். நிலையில் ஒரு கீறல் விழாமல் வெளியே போனது.

வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். அவள் ஏறி உட்கார்ந்தாள். தம்பி படியில் ஒரு காலை வைத்தான். அவன் எடுக்கும்வரை அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவை இழுத்தாள்.

ஒரே இழுப்பில், நேராகப் போய் உட்கார்ந்தது.