வெந்நீர்த் தொட்டியில் மாத்தே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் சொந்தச் சரக்கு இல்லை. சாந்தா ஃபே ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி ஜிமேனாவிடம் சுட்ட கதை. "எழுதிக்கோ, ஆனா என்னை ஒல்லியா எழுது" என்றாள். ஆகவே, ஒல்லியான ஜிமேனா.

முதல் தொடக்கம்: "கண்ணுக்கே தெரியாத கோடானுகோடிப் பஞ்சு உருண்டைகள்…" (வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

2

பாலிமரில் செய்த நானோ உருண்டைகள், உடம்பெல்லாம் துளை. அந்தத் துளைகளில் மருந்தை ஊறவைத்து அனுப்பினால், புற்றுக்கட்டியைத் தேடிப் போய் அங்கே மெல்ல மெல்லக் கசிய வேண்டும். ஜிமேனாவின் உருண்டைகளோ சரியான ஓட்டைவாய்கள். வழியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

ஒரே ஒரு முறை கசிவு நிதானமாக வந்தது. எங்கள் தலைவர் டாக்டர் ரீனால்தோ துள்ளிக் குதித்தார். (பொய். புருவத்தை உயர்த்தினார். அவருக்கு அதுதான் குதிப்பது.)

"மறுபடி செஞ்சு காட்டும்மா. வந்தா எலிகளுக்குக் குடுத்துப் பார்ப்போம். வரலேன்னா இந்த வேலையை மூடிடலாம்."

மறுபடி செய்தாள், ஒழுங்கு மரியாதையாக, எங்கள் ஊர்க் கசப்பு இலைத் தேநீரான மாத்தேயைக் குடிக்காமல். கொட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

3

ஆய்வகத்துக்குள் மாத்தே கூடாது என்று ரீனால்தோ கதவிலேயே ஒட்டியிருக்கிறார். மாத்தே இல்லாமல் இந்த ஊரில் யாருக்கு வேலை ஓடும்? கசிவு நிதானமாக வந்த அன்று ஜிமேனா, மருந்துக் குழாய்கள் ஊறிக்கொண்டிருந்த வெந்நீர்த் தொட்டியிலேயே மாத்தேவுக்கான தண்ணீர்க் குடுவையையும் இறக்கி, சூட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டாள். சூட்டில் பாலிமர் இளகி, துளைகளின் வாய் மூடிக்கொண்டது. மருந்து உள்ளே மாட்டிக்கொண்டது.

(இதை யார் நம்புவார்கள் என்று எனக்கே கவலை. "மாத்தி எழுதவா?" என்றேன். "நடந்ததைப் போய் மாத்துவியா?" என்றாள்.)

"அவர்கிட்ட சொல்லிடுடி" என்றேன் அப்போது.

"சொன்னா என்னைத் தொலைச்சுடுவார்."

"சொல்லலேன்னா உன் உருண்டை தொலைஞ்சுடும்."

4

முடிவு ஒன்று: ரீனால்தோ கத்தினார், ஜிமேனா அழுதபடி…

(அவள் அழுகிற ஆளே இல்லை.)

உண்மையில் அவள் மாத்தே இலை போட்ட சுரைக்குடுக்கையோடு அவர் அறைக்குள் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அதில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், குடுக்கையைப் பார்த்தார், வாங்கிக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார்.

எங்கள் ஊரில் ஒரே குடுக்கைதான் எல்லோரிடமும் சுற்றி வரும். குடித்துவிட்டு "நன்றி" என்றால், எனக்குப் போதும், என்னை விட்டுவிடு என்று பொருள். சும்மா திருப்பிக் கொடுத்தால் அடுத்த சுற்றிலும் நான் உண்டு என்று பொருள். ரீனால்தோ குடுக்கையை நீட்டுகிறார். வாயைத் திறக்கிறார்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். குடுக்கை இப்போது உங்கள் கையில், சூடு இன்னும் ஆறவில்லை. குடித்துவிட்டுக் கொடுங்கள். ஜிமேனா காத்திருக்கிறாள், தயவுசெய்து நன்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.