உள்ளங்கையில் கேட்ட ஆறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது அல்ல. பாயான் பாருவில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில், தட்டில் மீ கோரேங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, ஷெரில் சொன்னது.

"அக்கா, நீங்கதான் எழுதுவீங்கல்ல? இத எழுதுங்க. ஆனா ஆத்து பேர மட்டும் போட்டுடாதீங்க லா. கூட்டம் கூடிடும்."

ஆகவே ஆற்றுக்குப் பெயர் இல்லை. நாங்கள் வாழும் தீவின் மேற்கே, டுரியான் பழத்தோட்டங்களுக்கும் மேலே எங்கோ ஓடுகிறது.

முதல் வரியை நான்கு முறை எழுதினேன். "ஆறு சலசலவென்று ஓடிய அந்த ஞாயிறு காலை..." வேண்டாம். எழுத்தில் எல்லா ஆறுகளும் சலசலக்கின்றன. "அந்தக் கல்லை முதலில் பார்த்தது..." அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்படித் தொடங்குகிறேன்:

2

கிளிஃபர்டுக்குக் காது கேட்காது. ஷெரிலின் கணவர். பிறை என்னும் ஊரில் ஒரு தகடு அடிக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் அழுத்து இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றவர். ஷெரில் காதுக்கருவி வாங்கித் தந்தாள். "எரைச்சல்தான் பெருசா கேக்குது" என்று கழற்றி வைத்துவிட்டார்.

வீட்டில் எல்லாரும் சிரித்தால் அவர் கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பார். (இது ஷெரில் சொன்ன வாக்கியம். இதைவிட நல்லது எனக்கு வரவில்லை.) பிறகு அதையும் விட்டார். பதினோரு வயது மகள் ஜோஸ்லின், அப்பாவிடம் சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் தட்டிக் காட்டப் பழகிவிட்டாள். அவரிடம் குரலைக் கடைசியாக எப்போது செலவழித்தாளோ.

ஆற்றுக்குக் கிளம்பிய அந்த ஞாயிறன்று, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றவரை ஷெரில்தான் வம்பு பண்ணி, காடிக் கதவைத் திறந்து ஏற்றினாள்.

3

ஒரு மணி நேரம் ஏறினார்கள். ஆறு ஒரு பெரும் பாறையின் மேல் பரந்து ஓடும் இடத்தில் ஜோஸ்லின் நின்றுவிட்டாள். பாறையில் வட்டமாக ஒரு குழி. முழங்கை ஆழம். உள்ளே தெளிந்த நீர், அடியில் உருண்டையாக ஒரு கல். பக்கத்தில் இன்னொரு குழி, அதிலும் ஓர் உருண்டை. எண்ணிக்கொண்டே போனாள். பதினேழு.

"அம்மா, யாரும்மா இதெல்லாம் செஞ்சா?"

ஷெரில் பதினெட்டு வருடமாக நுண்ணோக்கியில் மின்னணுச் சில்லுகளைப் பார்ப்பவள். முடியைவிட மெல்லிய கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குழியின் உட்சுவரைத் தடவினாள். எங்கும் உளிபட்ட தடம் இல்லை. கல்லை வெளியே எடுத்தாள். வெண்மையில் கறுப்புப் புள்ளிகள். பாறையின் அதே நிறம். கையில் அது கனத்தபோதுதான் விளங்கியது. என்றோ ஒரு பள்ளத்தில் சிக்கிய கல்லை ஆறு சுழற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கல் பாறையைக் குடைந்திருக்கிறது, பாறை கல்லை உருண்டையாக்கியிருக்கிறது. எத்தனை ஆயிரம் மழைக்காலங்கள்? கல்லை மெதுவாக, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல, திரும்ப வைத்தாள்.

[இங்கே பாறையின் வயதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. இருபது கோடி வருடம் என்று எழுதி, எனக்கே ஒன்றும் உறைக்காமல், எடுத்துவிட்டேன்.]

கிளிஃபர்ட் தனியாகப் போய், நீர் வேகமாக விழும் இடத்திலிருந்த பெரிய குழியில் கையை விட்டார். அவர் முகம் மாறியது.

"சுத்துது" என்றார். "உள்ள இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு! ஜோஸி, வா, கைய வை. டொக்கு டொக்குன்னு தட்டுது பாரு."

4

அடுத்ததை நான் நம்பவில்லை. நானே கற்பனை செய்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன். காது கேட்காதவருக்கா முதலில் தெரியும்? ஷெரிலிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மாறாமல் சொன்னாள்.

கிளிஃபர்ட் கையை எடுத்துப் பாறையின்மேல் விரித்து வைத்தார். மறு கையையும் வைத்தார்.

"எந்திரிங்க. மேல ஏறுங்க."

"என்னங்க ஆச்சு?"

அது அவர் காதில் விழவில்லை. "இப்ப நெறைய கல்லு தட்டுது. மேலேருந்து வருது."

ஷெரில் அண்ணாந்து பார்த்தாள். பளீரென்ற வெயில். "சாப்ட்டுட்டுப் போலாம் லா" என்று நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தாள். அதற்குள் அவர் மகளின் கையைப் பற்றிக் கரைமேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். ஷெரில் குனிந்தபோது காலடி நீர் தேத்தாரேயின் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. பொட்டலங்களை அப்படியே போட்டுவிட்டு வேர்களைப் பிடித்து ஏறினாள். ஒரு செருப்பு போயிற்று.

கெப்பாலா ஆயேர் என்பார்கள் இங்கே. மலையுச்சியில் பெய்த மழை, ஒரே மொத்தமாக இறங்கி வருவது.

5

"யானைக் கூட்டம் பிளிறியதுபோல்..." அடித்துவிட்டேன். "அக்கா, தண்ணி சத்தத்தையே அமுக்கிடுச்சு கல்லு சத்தம்" என்றுதான் ஷெரில் சொன்னாள். நீருக்கடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டன. நின்ற இடம் நடுங்கியது. அவர்கள் உட்கார்ந்திருந்த பாறை எங்கே என்றே தெரியவில்லை. அந்தப் பதினேழு குழிகளும் அடியில் ஒன்றாக அரைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது ஷெரிலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். பயமா, கும்பிடா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

கிளிஃபர்ட் மண்டியிட்டு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றியிருந்தார். பிறகு கன்னத்தையும் வைத்தார்.

"கேக்குது, ஷெரில்" என்றார். கண்ணிலிருந்து வழிந்தது. "எனக்குக் கேக்குது."

6

வெள்ளம் வடிந்தது, குழிகளைத் தேடினார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். கிளிஃபர்ட் மீண்டும் காதுக்கருவியை மாட்டினார் என்று இன்னொன்று. இரண்டும் நடக்கவில்லை.

நடந்தது இது. திரும்பும்போது ஷெரில் காடியை ஓட்டினாள். பின்னிருக்கையில் கிளிஃபர்ட், இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"பேசு ஜோஸி."

ஜோஸ்லின் கைப்பேசியை எடுத்தாள். அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"வாயால பேசு. எதாச்சும்."

மலைப்பாதையின் வளைவுகள் முடிந்து முதல் சிக்னல் வரும்வரை அவள் பேசினாள். ஷெரிலுக்கு எல்லாம் கேட்டது. என்ன பேசினாள் என்று கேன்டீனில் நான் கேட்டதும், "அத மட்டும் கேக்காதீங்க அக்கா" என்று எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அந்தப் பெண் என்ன பேசியிருப்பாள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் என் குரல்தான் கேட்டது. உங்களுக்குப் பதினோரு வயதில் ஒரு மகள் இருக்கலாம், அல்லது நீங்களே ஒரு காலத்தில் அவளாக இருந்திருக்கலாம். மேற்கோள் குறியை மட்டும் திறந்து வைக்கிறேன். மூடுவது உங்கள் பாடு.

"டேடி,