பிரிக்காத பெட்டி

நல்லகாமன் ஒரு பிடி மண்ணை டம்ளர் தண்ணீரில் போட்டு ஆள்காட்டி விரலால் கலக்கினார். விரலில் தட்டுப்பட்ட கல்லையும் வேரையும் எடுத்துச் சன்னல் வழியே வீசினார். இன்னொரு டம்ளரின் வாயில் துண்டின் நுனியைப் போட்டு வடித்தபோது கால் டம்ளர் கலங்கல் தேறியது.

"கெணத்தடிப் பிஞ்சை மண்ணு. சின்னப் புள்ளையில இவன் உருண்டு பெரண்ட மண்ணு. இதுக்கும் போகலைன்னா வேற எதுக்குத்தான் போவான்" என்றார்.

அந்தப் புஞ்சையைச் சிவபாண்டியின் அப்பா விற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அது சமயநல்லூருக்குப் போகிற வழியில் வெள்ளைக் கல் ஊன்றிய பிளாட்டுகளாகக் கிடக்கிறது. காலையில் ஆட்டோ பிடித்துப் போன பெரியவர், யாருடையதோ ஒரு பிளாட்டின் மூலையில் ஒரு பிடி அள்ளி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார். தம்பி மகன் மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சிவபாண்டி மூன்றாவது நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தான். வயது நாற்பத்துமூன்று. கணையத்தில் வந்தது ஈரலுக்கும் ஏறிய பிறகு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர் யாரும் இல்லை. தொண்டையில் கொர்ரென்று ஒரு மூச்சு, சற்றே நின்று அடுத்த மூச்சு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது. தெருவில் பால் ஊற்ற வருகிறவன்கூட மணி அடிப்பதை நிறுத்திவிட்டான்.

உயிர் ஏதோ ஓர் ஆசையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அது என்னவென்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் ஆள் சுகமாகப் போய்விடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. முதல் நாள் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். மறுநாள் அக்கா செல்லத்தாய் தன் தோட்டைக் கழற்றிக் கல்லில் உரசி, பொன் கலந்த தண்ணீர் விட்டாள். இன்றைக்கு மண். நல்லகாமன் ஊற்ற ஊற்ற, அது கடைவாயில் இறங்கித் தலையணையை நனைத்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முத்துமீனா முந்தானையால் புருஷன் வாயைத் துடைத்தாள். பல்லிடுக்கில் மண் ஒட்டியிருந்தது. காபியில் சிக்கரி ஒரு சிட்டிகை கூடினாலே கண்டுபிடித்துத் துப்புகிற வாய் அது.

"மீனா, ஒனக்குத் தெரியாம இருக்காது. எதுமேலத்தா நெனப்பா இருந்தான்?" என்று செல்லத்தாய் கேட்டாள். நேற்றிலிருந்து நாலைந்து தடவை கேட்டாகிவிட்டது.

"தெரியல மதினி" என்றாள் முத்துமீனா.

தெரியும். அந்த ஆசையின் மேல்தான் நல்லகாமன் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே சுவரோரம் இருந்த பழுப்பு அட்டைப்பெட்டி அது. நாற்காலி பற்றாமல் போனதால் மேலே ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு அவருக்கு ஆசனமாக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு எஸ்பிரஸோ மெஷின் இருந்தது.

சிவபாண்டி கல்யாண மண்டபங்களில் காபி மெஷின் போடுகிறவன். ஆள் உயர சிலிண்டரில் நீராவி ஏற்றி, பாலையும் பொடியையும் சீனியையும் குவளையில் போட்டு, குழாயை உள்ளே விட்டுப் புஸ்ஸென்று நுரைக்க வைத்து, மேலே சாக்லேட் தூளைத் தூவி நீட்டினால் எஸ்பிரஸோ. சந்தனம் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவன் கடை இருக்கும். இருபத்தோரு வருஷம் அப்படித்தான் ஓடியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பசுமலையில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பெங்களூரிலிருந்து தனியாக ஒரு மெஷினும் ஆளும் கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஆள் ஒரே தொழில்காரன் என்ற உரிமையில் சின்னக் கோப்பையில் விரற்கடை அளவு கறுப்பாக எதையோ பிடித்து இவனிடம் நீட்டினான்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "இருவத்தோரு வருசமா நான் போட்டது பாலுடி. காப்பி இன்னைக்குத்தான் குடிச்சேன்" என்றான். பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் முத்துமீனா நினைத்தாள். ஒருவகையில் அது பித்துதான்.

அதன்பிறகு பதினாலு மாசம் மெஷின் தேர்வு நடந்தது. பெண் பார்ப்பதற்குக்கூட அவன் இவ்வளவு மெனக்கெட்டதில்லை, இருந்த மாமன் மகளைக் கட்டிக்கொண்டவன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். அடுப்பில் வைக்கிற கூஜா மாதிரியான ஒன்று உண்டு, அது ஆவியின் தள்ளலில் வருவது, காபி நன்றாக இருந்தாலும் அசல் எஸ்பிரஸோ ஆகாது. கையால் அழுத்துகிற நெம்புகோல் உண்டு, கடைக்குத் தோள்பட்டை தாங்காது. பம்பு வைத்தது வேண்டும். அழுத்தம் பதினைந்து பார், இருபது பார் என்று விளம்பரக்காரன் சொல்வது கண்துடைப்பு, பொடியின் மேல் ஒன்பது பார் அழுத்தம் சீராக விழுந்தால் போதும். பால் நுரைக்க ஆவி தனியாகவும் காபிக்குத் தண்ணீர் தனியாகவும் சுட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்காக இன்னொன்று காத்துக் கிடக்கும். காய்கறி நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக் கேட்டு முத்துமீனாவுக்கும் பாடமாகிவிட்டது.

குடிக்கிற வகைகளையும் ஒப்பிக்க வைத்தான். அடியில் விழுவது எஸ்பிரஸோ. அதில் வெந்நீர் விட்டால் அமெரிக்கானோ. ஒரு கரண்டி நுரை வைத்தால் மக்கியாத்தோ. பாலும் நுரையும் தாராளமாக விட்டால் கப்புச்சினோ, பாலை நிறைய ஊற்றி நுரையைக் குறைத்தால் லாத்தே. அப்போ பால்காரனுக்குத்தான் லாபம் என்று அவள் கேலி செய்வாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை, உள்ளே அவன், கோப்பையை வாங்கி வந்தவர்களுக்குக் கொடுக்க அவள். அவ்வளவுதான் திட்டம்.

ஒருவழியாக மெஷினைத் தேர்ந்து, கையால் சுற்றுகிற அரைவை மெஷினும் காபிக் கொட்டையும் சேர்த்து ஆர்டர் சொல்லிவிட்டான். ஸ்கேன் எடுத்துவிட்டு இரண்டு பேரும் வந்து இறங்கிய அன்றைக்கு வாசலில் பெட்டி இருந்தது. "எந்திரிச்சு உக்காந்து நானே பிரிக்கிறேன். யாரும் தொடக் கூடாது" என்றான். நாற்பது நாள் ஆயிற்று.

அதைப் பிரித்தால் இனி இவன் எழுந்திருக்க மாட்டான் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நாக்கில் அந்தக் காபி பட்டுவிட்டால் போய்விடுவான். அவன் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. தூங்காத கண்ணில் நீர் வற்றிப் போயிருந்தது. ஆனாலும் போகட்டும் என்று ஒரு தடவைகூட நினைக்க மனசு வரவில்லை. இழுத்துக்கொண்டாவது இருக்கிறான் அல்லவா.

மண்ணும் பலிக்காமல் போன பிறகு செல்லத்தாய் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். வரும்போது அங்கே வாக்கப்பட்டு வந்திருக்கும் அஸ்வினியையும் அவளுடைய ஆறு மாதக் குழந்தையையும் கூட்டி வந்தாள். எதற்கென்று முத்துமீனாவுக்குப் புரிவதற்குள் செல்லத்தாய் குழந்தையை வாங்கித் தம்பியின் நெஞ்சோரம் சாய்த்து, அவன் கையைத் தூக்கி அதன் முதுகில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தது. கொர்ரென்ற மூச்சு ஒருகணம் தடுக்கி நின்று மறுபடி ஓடியது.

"பாத்தீகளா பெரியப்பா" என்றாள் செல்லத்தாய்.

"அப்ப புள்ளை ஏக்கம்தான்" என்றார் நல்லகாமன்.

முத்துமீனாவை ஒருவரும் பார்க்கவில்லை. அஸ்வினி தன் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், செல்லத்தாய் சுவரைப் பார்த்தாள். பதினாலு வருஷம் பிள்ளைக்காக எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், கடைசியில் ஒருநாள் இரண்டு பேரும் அழுது தீர்த்துவிட்டு, நமக்கு நாம போதும் என்று எப்படி எழுந்தார்கள் என்பதெல்லாம் அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இவள் பெற்றுக் கொடுக்காததால் அவன் உயிர் போகாமல் கிடக்கிறது என்று தீர்ப்பு ஆகிவிட்டது.

"மாமா, எந்திரிங்க" என்றாள் முத்துமீனா.

"எதுக்குத்தா?"

"அந்தப் பெட்டி வேணும். அவுக ஆசை புள்ளையுமில்ல, மண்ணுமில்ல. இதுலதான் இருக்கு."

அரிவாள்மனை நுனியால் பெட்டியின் ஒட்டுப்பட்டையைக் கீறும்போதுதான், தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அவனை விடுவிப்பதற்காக அல்ல, இவர்கள் வாயை அடைக்கத்தான் பிரிக்கிறோம். தெரிந்தும் கை நிற்கவில்லை.

அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். மெஷினை மேடையில் தூக்கி வைக்க அஸ்வினி ஒரு கை கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி, சூடேற விட்டு, கொட்டையை அரைத்துக் கைப்பிடிக் கிண்ணத்தில் நிரப்பி அமுக்கினாள். இருபத்தேழு இருபத்தெட்டு விநாடியில் கோப்பையில் விழ வேண்டும் என்பது அவன் கணக்கு. கடிகாரம் அறையில் இருந்தது. அவன் மூச்சு மூன்று விநாடிக்கு ஒன்று என்பது மூன்று நாளாகக் கேட்டவளுக்குத் தெரியும். ஒன்பது மூச்சு.

முதல் தடவை நாலு மூச்சுக்குள் வெளிறிய தண்ணீர் கொட்டிவிட்டது. நாக்கில் வைத்தால் எலுமிச்சைப் புளிப்பு. பொடி பருவெட்டு, இன்னும் நைசாக வேண்டும் என்று அர்த்தம். அரைவையின் வளையத்தைத் திருகி இறுக்கினாள். இரண்டாவது, பதினைந்து மூச்சு தாண்டியும் சொட்டுச் சொட்டாக வந்தது. அடிபிடித்த கசப்பு. வளையத்தில் ஒரு பல் பின்னால் வந்தாள். மூன்றாவதில், இரண்டு மூச்சு சும்மா இருந்துவிட்டு, எலிவால் மாதிரி மெலிசாக ஒரு நூல் இறங்கியது. இறங்க இறங்கக் கறுப்பு தேன் நிறமானது. எட்டு. ஒன்பது. நிறுத்தினாள்.

சுண்டுவிரலால் தொட்டு வாயில் வைத்தாள். புளிப்பும் கசப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன, அடியில் ஒரு தித்திப்பு. இதுதானா, இதற்குத்தானா சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்தாள். அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. எதற்காகப் போட்டோம் என்பதையே மறந்து கோப்பையை ஏந்திக்கொண்டு ஓடினாள். "மச்சான், வந்திருச்சு" என்றாள் அவன் காதில்.

முதல் கரண்டியில் பாதி நாக்கில் இறங்கியது. மீதி வழிந்தது. இரண்டாவது கரண்டிக்குத் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நல்லகாமன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். செல்லத்தாய் அழுவதற்குத் தயாராகத் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

கொர். கொர். பத்து மூச்சு ஆயிற்று. இருபது ஆயிற்று. ஒன்றும் மாறவில்லை.

"அதுவும் இல்ல போலத்தா" என்றார் நல்லகாமன். குத்திக்காட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

முத்துமீனா தலை குனிந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்த மாதிரி அவளுக்கு மூச்சு வந்தது. அவனை அனுப்பிவைக்கிற பொருள் இந்த வீட்டில் எதுவும் இல்லை. பிள்ளை ஏக்கம் என்றே சொல்லிக்கொள்ளட்டும், மலடி என்றே சொல்லட்டும். அவன் போகவில்லை. "போகல மதினி" என்றாள். அந்த முகத்தின் மலர்ச்சியைப் பார்த்துச் செல்லத்தாய்க்குப் பயமாகிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காகத்தானோ என்னவோ, மூன்று நாளாகக் கடைத் தண்ணியைக் குடித்து நாக்கு செத்துக் கிடக்கிறது, அதில் கொஞ்சம் பால் ஊற்றி எங்களுக்கும் கொடேன் என்றாள்.

அவன் வாயில் ஊற்ற வாங்கிய பால் அரை லிட்டர் மிச்சம் இருந்தது. முத்துமீனா மறுபடி அரைத்தாள், அமுக்கினாள், பிடித்தாள். செல்லத்தாய்க்கு லாத்தே. நல்லகாமனுக்கு நுரை தூக்கலாகக் கப்புச்சினோ. மெஷினைப் பார்க்கும் ஆவலில் எல்லாரும் அடுப்படிக்குள் வந்து நின்றார்கள். மூன்று நாளில் முதல் தடவையாகக் கட்டிலைச் சுற்றி ஆள் இல்லை. பெரியவர் ஒரு வாய் உறிஞ்சினார். மீசையில் நுரை ஒட்டிக்கொண்டது.

"நல்லாத்தான இருக்கு" என்றார்.

"அடியில இருக்குறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான் மாமா. மேல ஊத்துற பாலுதான் வேற வேற" என்று முத்துமீனா சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. ஒன்பது பார் என்றால் என்ன என்று சொன்னாள், மெஷின் எடுக்க அவன் பட்ட பாட்டைச் சொன்னாள். செல்லத்தாய்கூடச் சிரித்தாள்.

அடுத்தது அஸ்வினிக்கு. பால் குவளையைச் சாய்த்துப் பிடித்து ஆவிக் குழாயை அதற்குள் விட்டுத் திருகினாள். சர்ரென்று இரைச்சல் எழும்பி அடுப்படியை அடைத்தது. குழந்தை மிரண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பால் சுழன்று சுழன்று மேலேறியது. குவளையின் அடியில் வைத்திருந்த உள்ளங்கை பொறுக்க முடியாமல் சுடும்வரை விட்டு, பிறகு குழாயை மூடினாள்.

இரைச்சல் அடங்கியது. செல்லத்தாய் கோப்பையை ஊதிக்கொண்டிருந்தாள். நல்லகாமன் சீனி டப்பாவைத் தேடினார். முத்துமீனா குவளையைப் பிடித்தபடி நின்றாள். மூன்று விநாடி ஆயிற்று, ஆறு ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொர்ரென்ற அந்த மூச்சு வரவில்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பிறகு பாலை அஸ்வினியின் கோப்பையில் நுரை சிந்தாமல் ஊற்றி, "சீனி போதுமா பாரு" என்று நீட்டினாள். ஈரத்துணி ஒன்றை எடுத்து ஆவிக் குழாயை மேலிருந்து கீழாகத் துடைத்தாள். பால் காய்ந்தால் நுனி அடைத்துக்கொள்ளும். துணியைத் திருப்பி மடித்து இன்னொரு தடவை துடைத்தாள்.