நெத்திலிக் குழம்பும் அறுபதாம் விருந்தும்

மா கில்தே செத்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகும் அந்த ஆளுக்குச் சிரித்த முகத்தோடுதான் சோறு போட்டேன். சீனாவின் சிங்தாவ் நகரத்தில் கொரியாக்காரர்களுக்குக் கடைகள் எத்தனையோ உண்டு. ஆனால் எங்கள் நாம்ஹே தீவுப் பக்குவத்தில் நெத்திலிக் குழம்பு வைத்து, லெட்டூஸ் இலையில் சோற்றோடு சுருட்டிச் சாப்பிடத் தருவது என் கடை ஒன்றுதான். அவரும் அந்தத் தீவுக்காரர். நாக்கு அவரை வேறெங்கும் போக விடாது.

வராதே என்று நானும் சொல்ல முடியாது. ஊர்க்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனால் பாதிக் கூட்டம் பின்னாலேயே போய்விடும். எங்கள் கணக்கில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு விலங்கின் பெயர். அவர் குதிரை வருஷத்தில் பிறந்தவர், எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அண்ணன். என் வீட்டுக்காரர் ஜோங்கு அடுத்த வருஷம், ஆட்டு வருஷத்தில் பிறந்தவர். ஒரே வயசு சின்னவர் என்றாலும் எங்களிடம் சின்னவர் சின்னவர்தான். "தம்பி பொண்டாட்டி, குழம்பு எங்கே?" என்றுதான் என்னை அதட்டுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அன்றைக்கு ஜோங்குவின் இடது கை கொதிநீரில் வெந்து, கட்டுப் போட்டிருந்தது. மா கில்தே கோப்பையில் சோஜு ஊற்றி நீட்டினார். இவர் வலது கையால் மட்டும் வாங்கினார்.

"அண்ணன் குடுக்கறதை ஒத்தைக் கையால வாங்கறியா?"

"கை வெந்துடுச்சு அண்ணே…"

"கைதானே வெந்துச்சு? மரியாதையுமா வெந்துபோச்சு?"

கோப்பையைப் பிடுங்கி, இருந்த சாராயத்தை என் வீட்டுக்காரர் முகத்தில் வீசினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோங்கு குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனார், அவ்வளவுதான். மேசை மேசையாகப் போய் அரட்டை அடித்த மனுஷன், அதன்பிறகு ஆட்கள் இருக்கும்போது அடுப்படித் திரையைத் தாண்டவேயில்லை. அவரை அந்தத் திரைக்கு வெளியே கொண்டுவராமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

இந்த வசந்தத்தில் ஊரிலிருந்து புது நெத்திலி வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதுமே மா கில்தேக்குக் கண் கலங்கிவிட்டது. சாராயத்தில் உளறாதவனையும் ஊர்ச் சாப்பாடு உளற வைத்துவிடும்.

"நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருஷம் புயல்ல எங்க மிசோங் பள்ளிக்கூடத்துக் கூரையே பறந்துபோச்சு. கடலோரமா உக்கார வெச்சுப் பாடம் நடத்தினாங்க. அம்மா இதே குழம்பைத்தான் கட்டிக் குடுப்பா…"

கிண்ணத்தை வைக்கப் போன என் கை அப்படியே நின்றது. அந்தக் கூரை பறந்த கதையைத் தீவே பேசியது. அந்த வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் நானும் ஒண்ணாங்கிளாஸ். நான் ஆட்டுக்கு அடுத்த குரங்கு வருஷம். அப்படியானால் இந்த ஆள் என் வயசு. என் வீட்டுக்காரரைவிட ஒரு வயசு சின்னவன்!

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "கில்தேயா? என் கொழுந்தன் பான்சுவோட ஒரே கிளாஸ்டி அவன். குரங்கு வருஷம்தான்" என்றாள்.

இலையுதிர் காலத்தில் அவனுக்கு அறுபதாம் விருந்து. "நம்ம கடையிலேயே வெச்சுக்கலாம்" என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். பழங்களைக் கோபுரமாக அடுக்கினேன். பட்டு உடுத்தி நடுவில் உட்கார்ந்தான். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தரையில் விழுந்து வணங்கினார்கள். கடைசி ஆள் வணங்கி எழும்வரை பொறுத்திருந்தேன். பாதியில் கெடுத்தால் எனக்கு ஆறாது.

"உங்க சிநேகிதர் ஒருத்தரை வரவழைச்சிருக்கேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

"டேய் கில்தே! அறுபதா? யாருக்குடா அறுபது?" பான்சு வாசலிலேயே கத்தினான். "நமக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேடா! எங்கூட மூக்கு ஒழுக நின்ன பய, எப்படிடா என்னை முந்தினே?"

விழுந்து வணங்கியவர்கள் எல்லோரும் மா கில்தே பக்கம் திரும்பினார்கள்.

"பொறப்புப் பதிவுல தப்பா…" என்று மா கில்தே இழுத்தான்.

"பதிவுல தப்பு, சரி. வாயுமா தப்பாச் சொல்லும்?" என்றார் முதலில் விழுந்து வணங்கிய துணிக்கடைக்காரர். "நான் ஆடு. உனக்கு அண்ணன்டா நான்! உன் கால்ல விழுந்து எந்திரிச்சிருக்கேன்!"

நான் அடுப்படித் திரையை விலக்கினேன். "ஏங்க, வெளியே வாங்க. உங்க தம்பி காத்துட்டிருக்கார்."

ஜோங்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கோப்பை நிறைய சோஜு ஊற்றி, ஒரே கையால் நீட்டினார்.

"பிடிடா."

எழுந்து போனால் இந்த ஊரில் இனி எந்த மேசையிலும் உட்கார முடியாது. மா கில்தே எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான். பெரியவர் முன்னால் சின்னவர் குடிப்பதுபோல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் குடித்தான். குடிக்கக் கொடுக்காமல் என் வீட்டுக்காரர் அதை அவன் முகத்தில் வீசியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வீசவில்லை. ஜோங்கு அவனுடைய நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பான்சுவிடம் மீன் விலை விசாரிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் அடுப்படிக்குத் திரும்பவே இல்லை.

சங்கத்துக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். மா கில்தேயைக் கொஞ்ச நாள் காணவில்லை. எங்கே போய்விடுவான் என்று நான் இருந்தேன். ஒரு மழை நாள் மத்தியானம் வந்து மூலை மேசையில் உட்கார்ந்தான். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"தம்பி பொண்…"

நான் கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் ஜன்னலோர மேசையில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணி…"

"காதுல விழலை, தம்பி."

"அண்ணி, இன்னும் கொஞ்சம் குழம்பு போடுங்க."

ஊற்றினேன். கரண்டியில் ஒரு நெத்திலிகூட வராமல் பார்த்துக்கொண்டேன்.