ஃபுமியேவின் நாலு எழுத்து

நகர நூலகத்தின் இரண்டாம் மாடி, ஆவண அறை. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இகுயோ நவாத்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். வயது எழுபத்தொன்று, பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் கோபம் வந்துவிட்டால் அவள் அளவுக்குச் சத்தம் போட அந்த ஊரில் ஆளில்லை. அத்தனை சத்தமும் கையில்.

"இது என்ன கண்றாவி? ஃபுமியே பேசறாளா, ஈ ஓட்டறாளா?" என்றன அவள் கைகள்.

பக்கத்தில் இருந்த மினேகிஷி அதற்குக் குரல் கொடுத்தாள். காது கேளாதோர் சங்கத்துக்கு முப்பது வருஷமாகச் சைகை மொழிபெயர்ப்பவள் அவள்தான். எதிரே நின்ற நூலக ஊழியன் தொகாஷி பவ்யமாகக் கேட்டு, தலை குனிந்து, "ரொம்ப நன்றிங்க" என்றான்.

இகுயோவுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். நன்றியா? ஈ ஓட்டறாளா என்று கேட்டதற்கு எவன் நன்றி சொல்வான்?

"நீ என்ன சொன்னே அவன்கிட்ட?"

"படம் கொஞ்சம் தெளிவு குறைவா இருக்குன்னு..."

"கொஞ்சமா? என் திட்டுக்கு நீ சர்க்கரை தடவாதேடி. அப்படியே சொல்லு. ஈயையும் சேர்த்து!"

மினேகிஷி ஈயையும் சேர்த்துச் சொன்னாள். தொகாஷியின் காது மடல் சிவந்தது. இப்போதுதான் போய்ச் சேர்ந்தது என்று இகுயோ உட்கார்ந்தாள்.

சங்கத்தார் ஒரு காலத்தில் பதினைந்து வருஷம் டிவியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த சைகை நிகழ்ச்சிகள், மொத்தம் நூற்று நாற்பது டேப். கணினியில் ஏற்றித் தருகிறோம் என்று நூலகம் கேட்டது, கொடுத்தார்கள். பூஞ்சை பிடித்த டேப்புகள் போன மாதமே குப்பைக்குப் போய்விட்டன. அவற்றிலிருந்து இறக்கிய மூலப் பதிவும் வெள்ளிக்கிழமை அழிந்துவிடும், வைக்க இடமில்லையாம். இன்று புதன்.

நூற்று முப்பத்தொன்பது போனாலும் இகுயோ பொறுத்திருப்பாள். அந்த ஒன்று போகக் கூடாது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், காது கேளாதோர் பள்ளி விடுதியில் அவளோடு ஒரே அறையில் வளர்ந்த ஃபுமியே, கேமரா முன்னால் உட்கார்ந்து தன் பள்ளிக்கூட நாட்களைச் சொன்ன டேப் அது. வாயால்தான் பேச வேண்டும் என்ற அந்தப் பள்ளியில் சைகையில் பேசிய குற்றத்துக்காக ஈரத் துண்டால் கையைக் கட்டி, பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து அவளை நிற்க வைத்தது யார் என்று அதில் சொல்லியிருந்தாள். பெயரை விரல் எழுத்தில் ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தாள். நாலே எழுத்து. வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. அவள் செத்து மூன்று வருஷம் ஆகிறது.

சப்டைட்டிலில் அந்தப் பெயர் இல்லை. 'ஓர் ஆசிரியர்' என்று மட்டும் போட்டிருந்தான் டிவிக்காரன். அதற்காக அவனை இகுயோ சபிக்காத வருஷமில்லை. ஃபுமியேதான் சமாதானம் சொல்வாள்: "எழுத்துல இல்லாட்டி போகுது. மினேகிஷிதானே குரல் கொடுத்தா? காது கேட்கிறவங்க எல்லாரும் கேட்டிருப்பாங்க."

இப்போது திரையில் அந்த நாலு எழுத்தைக் காணோம். கட்டைவிரலின் மேல் ஒரு உள்ளங்கை, அதன் மேல் புகை மாதிரி மூன்று விரல். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

தொகாஷி விளக்க ஆரம்பித்தான். செய்த வேலையில் அவனுக்குப் பெருமை வேறு.

"பழைய டிவியில படம் முழுசா வராதுங்க. ஒத்தைப்படை வரி ஒரு தடவை, இரட்டைப்படை வரி அடுத்த தடவை. செகண்டுக்கு அறுபது அரைப்படம். கம்ப்யூட்டர்ல அப்படியே போட்டா ஓரமெல்லாம் சீப்புப் பல்லா தெரியும். முதல்ல வெச்சிருந்த சாஃப்ட்வேர் ஒரு டேப்புக்கு ஒம்பது மணி நேரம் எடுத்துது. நான் புதுசு ஒண்ணு போட்டேன். அது ரெண்டு அரைப்படத்தையும் ஒண்ணா கலந்துடும். இருபதே நிமிஷம். பார்க்கவும் வழுவழுன்னு இருக்கு."

"கலந்துட்டியா? நீ பேசற ஒவ்வொரு எழுத்து மேலயும் அடுத்த எழுத்தைப் போட்டு அமுக்கினா உன் பொண்டாட்டிக்கு ஏதாவது புரியுமா?"

"இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

"ஆகாது. சரி, முடிச்சப்புறம் சரிபார்த்தியா?"

"பார்த்தேங்க. நூத்தி நாப்பதும். சத்தம் தெளிவா இருக்கு, சப்டைட்டில்ல ஒரு புள்ளிகூடச் சிதையலை."

மினேகிஷி இதைக் கையில் சொல்லி முடிக்கும்வரை இகுயோ பொறுத்திருந்தாள். பிறகு மேஜையில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பார்லி டீ கோப்பை சரிந்து கொட்டியது.

"காது கேட்காதவங்க பேசற படத்தைக் காதால பார்த்திருக்கான்! நூத்தி நாப்பதையும்!"

சப்டைட்டில் வரும் இடத்தில் ஒரு தாளை ஒட்டினாள். ஒலியைத் தானே அணைத்தாள். "இப்ப பாரு" என்று அவன் தோளைப் பிடித்துத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவன் பார்த்தான். பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தான். மூன்றாவது தடவை அவன் முகத்தில் அந்தப் பெருமை இல்லை.

"மன்னிச்சிடுங்க. இதுல ஒண்ணுமே இல்லை."

அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வதானால், அதற்கு மேல் அவன் சாக்குச் சொல்லவில்லை. கலக்காமல், ஒவ்வொரு அரைப்படத்தையும் தனித்தனி முழுப்படமாக்கும் வழி இருந்தது. ஒன்பது மணி நேரம் பிடித்தது அந்த வழிதான். ஆனால் அந்த வேலையைக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டிடம் விட்டால் சீக்கிரம் முடியும். கார்டு பெட்டிக்குள் சும்மாதான் கிடந்தது. தொகாஷி எதையோ இறக்கினான், நிறுவினான். இரண்டு தடவை சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. மூன்றாவது தடவை ஓடியது. முப்பத்தைந்து நிமிஷத்தில் டேப் முடிந்தது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே?"

"சைகைக்கு எது முக்கியம்னு கேட்கத் தோணலைங்க."

"உங்களுக்கெல்லாம் தோணாது."

திரையில் ஃபுமியே வந்தாள். வலது கையில் மடங்காமல் போன அந்தச் சுண்டுவிரல்கூடத் தெரிந்தது. ஆசிரியர் என்று சைகை காட்டினாள். பிறகு கட்டைவிரல், நீட்டிய உள்ளங்கை, மூன்று விரல், விரல்களைக் குவித்த நரிமுகம். ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெட்டி வைத்தது போல. இகுயோவுக்குக் கண் நிறைந்தது. சொல்லிட்டேடி, நீ சொல்லிட்டே என்று திரையைப் பார்த்துக் கை அசைத்தாள்.

தொகாஷி கைபேசியில் விரல் எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தான். "த... தே... வா... கி. ததேவாகி. பேரா?" ஒலியைத் திறந்து அதே இடத்தை மறுபடி ஓட்டினான். நெற்றியைச் சுருக்கினான். மினேகிஷியிடம் திரும்பி ஏதோ சொன்னான்.

மினேகிஷியின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் இகுயோ. மினேகிஷியின் தோளைத் தட்டினாள். "என்னடி சொன்னான்?"

தொகாஷி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு தாளில் எழுதி நீட்டினான்: 'குரலிலும் அந்தப் பெயர் இல்லை. ஓர் ஆசிரியர் என்றுதான் வருகிறது.'

இகுயோ அதை இரண்டு தடவை படித்தாள்.

"டிவிக்காரன் அப்படிச் சொல்லச் சொன்னானா?"

"இல்லை." மினேகிஷி மடியிலிருந்து கையை எடுத்தாள். "யாரும் சொல்லலை. நானாத்தான். அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. அவர் உயிரோட இருந்தார், குடும்பம் இருந்துது. மரியாதையா இருக்கட்டும்னு... நான் சொன்னதைத்தான் அவங்க எழுத்துல போட்டாங்க."

"ஃபுமியேகிட்ட சொன்னியா?"

"சொல்லலை."

"உலகமே கேட்டுதுன்னு நெனச்சுக்கிட்டே செத்தா. உன் கல்யாணத்துக்குக் கிமோனோ தைச்சுக் குடுத்தா. பாவி!"

இருபத்தாறு வருஷச் சாபத்தையும் இகுயோ தப்பான ஆளுக்குக் கொடுத்திருந்தாள். மினேகிஷி அழுதாள். இகுயோவுக்கு அந்த அழுகையைப் பார்த்து இரக்கம் வரவில்லை. வரவும் கூடாது என்று நினைத்தாள்.

"தம்பி, புதுசா குரல் பதிய முடியுமா?" என்று தாளில் எழுதினாள். தொகாஷி ஓடிப்போய் மைக்கைக் கொண்டுவந்து வைத்தான்.

ததேவாகி பேச்சு கற்றுக்கொடுத்த விதம் அவளுக்கு மறக்கவில்லை. குழந்தையின் கையை இழுத்துத் தன் தொண்டையில் வைத்து அழுத்துவான். அதிர்வு தெரிகிறதா, தெரிகிறதா என்பான். இகுயோ மேஜையைச் சுற்றி வந்தாள். இடது கையை மினேகிஷியின் தொண்டையில் வைத்தாள்.

"சொல்லு."

உள்ளங்கைக்குள் நாலு தடவை துடித்தது.

"இன்னொரு தடவை."