கன்னையா கேட்ட இரண்டாவது பக்கம்

1

எங்கள் இசை நண்பர்கள் குழுவில் ஒரு ஜாஸ் இசையமைப்பாளரின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். எந்த இசைத்தட்டை முதலில் கேட்கவேண்டும் என்று ஆளுக்கு அரைப்பக்கம் எழுத வேண்டும். “இதை அவசரமில்லாத நாளில் கேளுங்கள்” என்று தொடங்கினேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. கன்னையாதான் வந்தான்.

[கன்னையா, காமில், அவர்கள் மனைவிமார் எல்லோரும் என் கற்பனை. காய்ச்சல் மட்டும் நிஜம்.]

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னையா மலையிலிருந்து இறங்கி

(இல்லை. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, கொசு பெருகி, வருடக் கடைசியில் இலங்கையின் கேகாலைப் பக்கமெல்லாம் மலேரியா. மழையை எடுத்துவிடுகிறேன்.)

அரநாயக்கக் கடைவீதியில் காமிலுக்குத் துணிக்கடை. ஆட்களை இழுக்கவென்று ஒரு கிராமபோன் வைத்திருந்தான். எல்லோரும் நாடகப் பாட்டுக் கேட்டார்கள். மலைத்தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலர் மெசினில் வேலை செய்த கன்னையா மட்டும், கொழும்பிலிருந்து தவறி வந்த ஒரு இங்கிலீஷ் பேண்டுத் தட்டைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றான்.

“மொதலாளி, அத இன்னொருக்கா போடுங்களேன்.”

“ஒங்களுக்கும் புடிச்சீக்கா? நான் மட்டுந்தான் பைத்தியம்னு நெனச்சேன்.”

அதிலிருந்து ஞாயிறுதோறும் கேட்டார்கள். அதே இசையமைப்பாளரின் பெயர் போட்ட தட்டுகளைக் காமில் தேடித் தேடி வரவழைத்தான். “இத வெறும் வயித்துல கேக்கப்படாது மொதலாளி, அழுக வந்துரும்” என்பான் கன்னையா. “அப்ப மொதல்ல சிவப்பு லேபல், பொறகு இது” என்பான் காமில். உலகத்தில் வேறு யாருக்கும் அவர்கள் பரிந்துரை தேவைப்படவில்லை.

3

அந்த இசையமைப்பாளருக்கு ஒரு விழா எடுக்கவேண்டும் என்று கன்னையாவுக்கு ஆசை. பிறந்த தேதி தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களே வைத்துக்கொண்டார்கள். புதுத்தட்டும் வந்திருந்தது.

அன்று காலை கன்னையாவின் மனைவி சீதாதேவிக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது படுத்திருந்தார்கள்.

“போயிட்டு வாங்க. நீங்க பக்கத்துல குந்தியிருந்தா காய்ச்சல் எறங்கிருமா?” என்றாள் சீதாதேவி.

(இதை அவள் சொல்லவில்லை. கன்னையாவை மன்னிக்க எனக்கு ஒரு வசதி வேண்டியிருந்தது, அதனால் அவள் வாயில் வைத்தேன். அடித்துவிடுகிறேன்.)

அவள் சொன்னது இது: “சீக்கிரம் வந்துருவீங்கல்ல?”

“ரெண்டு பாட்டு கேட்டுட்டு ஓடியாந்துர்றேன் புள்ள.”

4

செவ்வந்தி மாலையோடு போனான். காமில் சிரித்தான். “படம் கூட இல்லியே, யாருக்குப் போடப் போறீங்க?” கிராமபோன் குழாய்க்குப் போட்டார்கள். காமிலின் மனைவி ஸுலைஹா உள்ளேயிருந்து தொதல் இனிப்பு அனுப்பினாள். புதுத்தட்டின் முதல் பக்கம் ஓடி முடிந்தது. கன்னையா எழுந்தான்.

“மத்தப் பக்கம் ஈக்கி. அதையும் கேட்டுட்டுப் போங்க.”

கேட்டான். மறுபடியும் போடச் சொன்னான். மறுபடியும். ஒரு ஊதுகுழல் தனியாக ஏறிப்போய், இறங்க வழி தெரியாமல் மேலேயே நிற்கிற இடம் ஒன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் அது இறங்கிவிடும் என்று காத்திருந்தான். கடைக்குள் வெளிச்சம் மங்கிய பிறகுதான் அவனுக்குச் சீதாதேவியின் ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில் தோட்டத்து டிஸ்பென்சர் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தோடு லயத்துக்கு வந்துபோயிருந்தார். வாசலில் நின்று கூப்பிட்டாராம். சீதாதேவியால் எழும்ப முடியவில்லை. வீட்டில் ஆளில்லை என்று அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

அவள் மறுநாள் செத்துப்போனாள். மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. கொய்னா குடித்தவர்களும் செத்தார்கள். கன்னையா அதை யாரிடமும் கேட்கவில்லை.

5

காமில் சீதாதேவியின் அடக்கத்துக்கு வந்து மலைப்பாதையோரம் தனியே நின்றுவிட்டுப் போனான். அதற்குப்பிறகு கன்னையா கடைப்பக்கம் வரவில்லை. தை பிறந்ததும் காமிலுக்கும் காய்ச்சல் கண்டது. கேள்விப்பட்டுக் கன்னையா இறங்கி வந்தான். ஸுலைஹா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

“நான்தானே மத்தப் பக்கத்தையும் கேளுங்கன்னு சொன்னேன்” என்றான் காமில். காய்ச்சல் குளிரில் பல் தந்தியடித்தது. “என்னாலதான்.”

“நீங்க சொல்லாட்டியும் இருந்திருப்பேன் மொதலாளி. எனக்குத்தான் எந்திரிக்க மனசு வரல.”

ஸுலைஹா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். கன்னையா வாசலுக்குத் திரும்பினான்.

“திரும்ப வருவீங்களா?” என்று கேட்டான் காமில்.

இங்கே “வர்றேன்” என்று எழுதிப் பார்த்தேன். அன்று சீதாதேவியிடமும் அதைத்தானே சொன்னான். “வரமாட்டேன்” என்று மாற்றினேன். போர்வைக்குள் கிடக்கிறவனிடம் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒன்றும் பேசாமல் போனான் என்று முடித்தால் எனக்குச் சுலபம், அவ்வளவுதான்.

கன்னையா வாசலில் நிற்கிறான். காமில் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சொல்லுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.