நடுவருக்கு யார் விசில் ஊதுவது?

1

இந்தக் கதை எனக்குக் கழுத்துவலியால் கிடைத்தது. நாள் முழுக்கக் குனிந்து எழுதி (எழுதியது கொஞ்சம், குனிந்தது நிறைய) இடப்பக்கம் திரும்ப முடியாமல் போய், எங்கள் தெருமுனை பிசியோதெரபி அறையில் ஒரு வாரமாகக் குப்புறப் படுத்துவந்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண்மணி வார இறுதிகளில் ஒரு கால்பந்து அணிக்கும் பிசியோ. யார் என்ன வலி என்று போனாலும் முதலில் ஐஸ் பையை நீட்டுவதால் ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஐஸ் அக்கா’. என் கழுத்தைப் பிசைந்துகொண்டே ஒரு சம்பவம் சொன்னார். எழுந்து ஓட முடியாத நிலையில் இருந்ததால் கடைசிவரை ஒழுங்காகக் கேட்டேன். எழுத்தாளர்களைக் கேட்கவைக்க வேறு வழியும் கிடையாது.

2

முதல் தொடக்கம்:

கார்மேகம் சூழ்ந்த அந்த மாலையில், விதி ஒரு பந்தின் உருவெடுத்து —

வேண்டாம். விதிக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்:

பந்து தலையில் பட்டதும் நடுவர் வெட்டுண்ட மரம்போல் சாய்ந்தார். கண் விழித்ததும், “நான் யார்? இது எந்த —”

இதை மறுநாள் குப்புறப் படுத்தபடியே பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

“யாரு மயங்கினா?” என்றார் ஐஸ் அக்கா.

“நடுவர்தான்.”

“அவர் மயங்கவே இல்லையே! மயங்கியிருந்தா எனக்கு வேலை சுலபமாச்சே. தலையில அடிபட்டு மூளை குலுங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க மயங்க மாட்டாங்க. நடப்பாங்க, பேசுவாங்க, சிரிப்பாங்க. பக்கத்துல இருக்கறவங்கதான் கண்டுபிடிக்கணும்.”

“சரி. கடைசியில இன்னொரு பந்து பட்டு, அவருக்கு எல்லாம் தெளிஞ்சிடற மாதிரி வெச்சுக்கலாமா?”

என் கழுத்தில் இருந்த கை நின்றது. “முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா மூளை வீங்கிடும். ஆளே போயிடலாம். விளையாட்டு இல்லைங்க அது.”

(அத்தோடு என் இரண்டாம் தொடக்கமும் முதல் முடிவும் ஒரே நாளில் குப்பைக்குப் போயின. வாசகரே, இந்தக் கதையில் நாம் பயப்பட வேண்டியது அந்த இரண்டாவது பந்துக்குத்தான்.)

3

அரையிறுதி ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரம் ஆகியும் இரு பக்கமும் கோல் இல்லை. நடுவரின் பட்டப்பெயர் ‘சட்டப்புத்தகம்’. காலுறை சரிந்திருந்தால்கூட ஆட்டத்தை நிறுத்தி ஏற்றிவிடச் சொல்லும் ஆள். ஐஸ் அக்காவின் அணிப் பையன் ஒருவன் ஓங்கி உதைத்த பந்து, பக்கத்திலேயே நின்ற அவருடைய காதோரத்தில் பொட்டென்று இறங்கியது. முட்டி போட்டார். எழுந்தார். கையை உயர்த்திக் காட்டினார். கூட்டம் கைதட்டியது.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!” என்று கோச் சிரித்தார்.

ஐஸ் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டப்புத்தகம் கழுத்தில் தொங்கும் விசிலைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார். வெயிலே இல்லாத வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். நடக்கும்போது இல்லாத படிக்கட்டில் இறங்குகிறவர் மாதிரி கால்வைத்தார். பிறகு இரு அணித் தலைவர்களையும் கூப்பிட்டு, பூவா தலையா போட நாணயத்தை எடுத்தார். பையன்கள் அவர் ஏதோ தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் ஆயுளில் தமாஷ் செய்ததில்லை என்பது ஐஸ் அக்காவுக்குத் தெரியும்.

இங்கேதான் சிக்கல். ஆட்டக்காரர் தலையில் அடிபட்டால் நடுவர் விசில் ஊதி பிசியோவைக் கூப்பிடுவார். நடுவர் தலையிலேயே அடிபட்டால்? பூனைக்கு மணி கட்டுவது யார்? ஐஸ் அக்கா, கோட்டருகே கொடியோடு நின்ற துணை நடுவரிடம் ஓடினார்.

“அவர் கூப்பிடாம நான் எப்படிம்மா உள்ள போறது?” என்றார் கொடிக்காரர். “சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அந்த நேரம் பார்த்து மைதானத்தின் நட்டநடுவில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசினார்கள். சட்டப்புத்தகம் விசில் ஊதினார், கம்பீரமாகக் கையை நீட்டினார். கோல் கட்டத்துக்குள் தப்பு நடந்தால் மட்டுமே தரும் பெனால்டி, ஐஸ் அக்காவின் அணிக்கு! பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கோச் குதித்த குதியில் தொப்பி பறந்தது.

“கோச், அவருக்குத் தலையில பலமா பட்டிருக்கு. முதல்ல வெளிய கொண்டுவரணும்.”

“பெனால்டிய அடிச்சு முடிக்கட்டும்மா. அப்புறம் நீ அவரைத் தொட்டில்ல போட்டுக்கூட ஆட்டு.”

“கோல் பக்கத்துலதானே நிக்கப்போறாரு? அதுக்குள்ள இன்னொரு பந்து பட்டா?”

“இதோ பாரு, இப்ப நீ உள்ள போனா நாளைலேர்ந்து வேற அணியப் பாத்துக்க.”

(கோச்சை ரொம்பக் கெட்டவராக எழுதிவிட்டேனோ? அவரும் பாவம், நாலு வருடமாக அரையிறுதியோடு வீட்டுக்குப் போகிறவர். நீங்களும் நானும் அந்தத் தொப்பிக்குள் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை —

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

4

ஐஸ் அக்கா கோட்டைத் தாண்டினார்.

“நில்லுங்க!” என்றார் சட்டப்புத்தகம். “யாரு உங்கள உள்ள கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல சார். ஒரே ஒரு கேள்வி. இப்ப முதல் பாதியா, ரெண்டாம் பாதியா?”

அவர் யோசித்தார். “டாஸே இன்னும் போடலையே.”

அவருக்கே எங்கோ இடறியிருக்க வேண்டும், முகம் ஒருகணம் குழந்தை முகமாயிற்று. அடுத்த கணம் பழக்கம் கைகொடுத்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை உருவி ஐஸ் அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினார். கூட்டம் ஓவென்றது.

“சரிங்க சார், தப்புதான்,” என்றார் ஐஸ் அக்கா. “ஆனா நான் நிஜமாவே வெளிய போறேனான்னு நீங்க பாக்க வேணாமா? பாதில நின்னுட்டா?”

“நிக்கக்கூடாது!”

“அப்ப கூடவே வந்து விட்டுடுங்க.”

சட்டப்புத்தகம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. இருவரும் கோட்டைத் தாண்டினார்கள். பெஞ்சு வந்ததும், “உக்காந்து என் பேரை எழுதிக்கங்க சார்,” என்றார் ஐஸ் அக்கா. அவர் உட்கார்ந்தார். கொடிக்காரர் அப்பாடா என்று உள்ளே ஓடி, விசிலை ஏற்றார்.

அடிக்குறிப்பு: “இவ்வளவு சமயோசிதமா? வாசகர்கள் நம்ப மாட்டாங்களே,” என்று ஐஸ் அக்காவிடம் முறையிட்டேன். “அப்ப என் கை வெடவெடன்னு நடுங்கிச்சுன்னு சேத்துக்கங்க,” என்றார். சேர்த்துக்கொண்டேன். அது உண்மையும்கூட.

5

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

அ) பெனால்டி நிற்கிறது, பந்து வலைக்குள். கோச் ஐஸ் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

ஆ) பெனால்டி நிற்கிறது, பந்து கம்பத்துக்கு மேல். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஐஸ் அக்கா வேறு அணி பார்த்துக்கொள்கிறார்.

இ) கொடிக்காரர் பெனால்டியை ரத்துசெய்கிறார். கலவரம். (கலவரம் எழுத எனக்கு நன்றாக வரும்.)

மூன்றையும் படித்தேன். ஐஸ் அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. மூணுலயும் அவரு எங்க?”

வெட்கமாகப் போய்விட்டது. நானும் பந்தையே பார்த்துக்கொண்டு அடிபட்ட அந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டேன். இத்தனைக்கும் அன்று மைதானத்தில் எல்லோரும் பந்தைப் பார்த்ததைப் பற்றித்தான் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் வாருங்கள். ஐஸ் அக்கா ஆஸ்பத்திரி வண்டிக்கு வழிகாட்ட வாசலுக்குப் போயிருக்கிறார்; சட்டப்புத்தகத்தின் மனைவிக்குப் போன் போட்டாயிற்று. பெஞ்சில் அவர் பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். வாந்தி வந்தாலோ, தலைவலி கூடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே குரல் கொடுங்கள். தன் வண்டிச் சாவியைக் கேட்பார், கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் விசில் ஊதலாமா என்பார். முதலில் ஓய்வு, அப்புறம் நடை, அப்புறம் மெதுவாக ஓட்டம், கடைசியில் டாக்டர் சரியென்றால்தான் விசில் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பின்னால் கூட்டம் கத்தும். திரும்பிப் பார்க்கத் தோன்றும். அப்போது அவர் உங்கள் கையைத் தொட்டு, “யாருங்க ஜெயிச்சது?” என்று கேட்பார். உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லுங்கள், கதை அப்படியே முடியட்டும்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். முகம் சுளிக்காமல், அதே பதிலை, இப்போதுதான் நடந்த சந்தோஷ சமாசாரம் மாதிரி மறுபடி சொல்லுங்கள்.